இங்கர் அவர்களின் புல்லாங்குழல்

ஹொல்ஸ்டெப்ரோவுக்கு அருகில்,
14.02.1988

அன்புள்ள றோசலினுக்கு,

மாதாவின் கிருபையால் நான் சுகம். நீரும் மாமாவும் சுகமாக இருக்க மன்றாடுகிறேன். என் மூக்கைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்வதற்கில்லை. இந்தக் குளிரில் வெளியில் இறங்கினால் அது என்னுடையதாக இருப்பதில்லை.

அகதி முகாமை விட்டு வந்து ஒரு பண்ணை வீட்டில் அறை எடுத்திருக்கிறேன். வீட்டின் சொந்தக்காரர் பெயர் இங்கர். நல்ல மனம். தம்பிமுத்து என்ற முழுப்பெயர் வாயில் வராததால் என்னைத் "தம்பி" என்று கூப்பிடுகிறார்.

போன கிழமை ஒரு வேடிக்கை. டெனிஷ் வகுப்பில் "லோப்" என்றால் ஓட்டம் என்று படித்திருந்தேன். காலையில் இங்கர், தன்னுடைய லோப் நீளம் கூடிப்போயிற்று, அதைக் குறைக்க வேண்டும், உதவி செய்வாயா என்று கேட்டார். இந்த வயதில் ஓடுகிறாரே என்று நினைத்து, முதலாவது வேலிப் படலையோடு திரும்பி வந்தால் போதும் என்று புத்தி சொன்னேன். அவர் சிரித்துச் சிரித்துக் கதிரையில் இருந்துவிட்டார். பிறகு அலுமாரியைத் திறந்து காட்டினார். துவக்கின் குழாய்க்கும் லோப் என்றுதான் பெயராம்.

மான் வேட்டைக்கு அவருக்கு லைசென்ஸ் இருக்கிறது. ஆள் கட்டை, துவக்கு நெட்டை. அதோடு அது கல்படியில் விழுந்து வாய் நசுங்கியிருக்கிறது. வாய் பழுதானால் குண்டு போகிற போக்கும் பழுது. பட்டணத்துக் கடைக்காரரிடம் கோடை வரைக்கும் வேலை நிரம்பிக் கிடக்கிறது. வேட்டை மே நடுவில் தொடங்குகிறது. மட்டக்களப்பு பஸ் டிப்போவில் அரம் பிடித்தவன் என்று நான் வாய் விட்டுவிட்டேன். நுனியை இரும்பறுக்கும் வாளால் அரிந்து, அரத்தால் மட்டமாக்கி, வாயின் விளிம்பை வட்டமாகத் தீட்ட வேண்டும். அவரிடமுள்ள ஆங்கிலப் புத்தகத்தில் இந்தக் கடைசி வேலைக்கு முடிசூட்டுதல் என்று பெயர் போட்டிருக்கிறது. சமையலறை மேசையில் நடக்கப்போகிறது.

உம்மை இங்கே கூப்பிடும் விண்ணப்பம் கொப்பன்ஹேகன் கந்தோரில் இருக்கிறது. பரிசீலனையில் என்று பதில் வந்தது.

மாமாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
தம்பிமுத்து


மட்டக்களப்பு,
11.03.1988

அன்பின் அத்தான்,

நானும் அப்பாவும் சுகம். உங்கள் மூக்குக்காக அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினேன். உங்கள் மூளைக்காக இன்னொன்று கொளுத்தினேன்.

கடிதம் உடைத்துப் பசை பூசி ஒட்டியபடி வந்தது. இந்திய ஆமி எல்லாக் கடிதத்தையும் உடைக்கிறது. எல்லாவற்றையும் வாசிக்கிறதா என்று தெரியாது. 'து' என்று தொடங்கும் அந்தச் சாமானின் பெயரை ஒரு தரமில்லை, இரண்டு தரம் எழுதியிருக்கிறீர்கள். நல்ல காலம், தபால்காரரிடமிருந்து நான் வாங்கினேன். அப்பா வாங்கியிருந்தால் வழக்கம்போல விறாந்தையில் இருந்து தெருவுக்கே வாசித்துக் காட்டியிருப்பார்.

இனி அதற்கு வேறு பெயர் வையுங்கள். அப்பாவிடம் விசயத்தைச் சொல்லமாட்டேன். அவரிடம் சொன்னால் ஞாயிறு பூசை முடியக் கோயில் வாசலில் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

இங்கர் ஐயாவுக்கு மனைவி இருக்கிறாவா? உங்களுக்குச் சமைப்பது யார்?

வேளைக்குச் சாப்பிடுங்கள். அந்தச் சாமானில் கை வைக்காதீர்கள் என்று சொன்னால் கேட்கவா போகிறீர்கள்.

உங்கள்
றோசலின்


ஹொல்ஸ்டெப்ரோவுக்கு அருகில்,
02.04.1988

அன்புள்ள றோசலின்,

உம்முடைய மெழுகுதிரிகளில் ஒன்று வேலை செய்திருக்கிறது. மூக்கு திரும்பி வந்துவிட்டது. உங்கள் இருவரின் சுகத்தையும் அறிய ஆவல்.

இங்கர் அவர்களின் புல்லாங்குழல் வேலை தொடங்கிவிட்டது. வைஸ் இடுக்கியில் இறுக்கி நுனியை அரிந்தேன். குழல் அவருடைய பெயரில் இருக்கிறபடியால் சட்டப்படி நான் அதைத் தனியே வைத்திருக்கக்கூடாது. ஆகவே நான் அராவும் நேரமெல்லாம் அவர் பக்கத்தில் இருந்து கம்பளி பின்னுவார். விளிம்பைத் தீட்டுவதற்குப் பித்தளைக் குமிழ் ஒன்றில் தீட்டும் பசை தடவிச் சுற்றினேன். தீட்டி முடிந்த விளிம்பு பார்க்க மோதிரம் போல இருந்தது.

பிறகு அவர் மணல் தோண்டிய கிடங்குக்குக் கொண்டுபோய்த் தோளில் வைத்து வாசித்துப் பார்த்தார். பாட்டு இடது பக்கம் போகிறது. அரம் சரிந்துவிட்டது. இன்னொருமுறை குறுக்க வேண்டும். அவருக்குக் கவலையில்லை. தனக்கு இன்னும் கட்டையாக இருந்தால் இன்னும் வசதி என்கிறார்.

சமையலைப் பற்றிக் கேட்டிருந்தீர். இங்கர் நன்றாகச் சமைப்பார். உறைப்புத்தான் இல்லை.

அன்புடன்,
தம்பிமுத்து


மட்டக்களப்பு,
30.04.1988

அன்பின் அத்தான்,

நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும்.

புல்லாங்குழல் என்று பெயர் வைத்தீர்கள். நல்ல பெயர்தான். ஆனால் இந்த முறை உங்கள் கடிதம் அப்பாவின் கையில் போய்விட்டது. நாற்பது வருடம் கோயில் பாடகர் குழுவை நடத்திய மனிதர் என்பதை மறந்துவிட்டீர்கள். டென்மார்க்கில் மருமகன் வாத்தியம் செய்கிறார் என்று தெரு முழுக்கச் செய்தி. அடுத்த வீட்டு மாக்கிரட் மாமி, நீங்கள் சின்ன வயதிலேயே நன்றாக விசில் அடிப்பீர்கள் என்று சாட்சி சொல்கிறா.

அந்த நாட்டில் ஆம்பிளைகளும் கம்பளி பின்னுவார்களா? இங்கர் ஐயாவின் மனைவியைப் பற்றிக் கேட்டேன், பதில் இல்லை. கடிதத்தில் இடம் போதவில்லையாக்கும்.

அப்பா கீழே எழுத வேண்டுமாம்.

றோசலின்

அன்புள்ள மருமகனுக்கு இன்னாசித்தம்பி எழுதுவது: குழலைக் குறுக்கக் குறுக்க நாதம் கூர்மையாகும், சத்தமும் கூடும். கவனித்தீரா? ஊதுகிற பக்கத்தைத் தொட வேண்டாம். சரிவுக்குக் காரணம் அரம் இல்லை, மனம். மனம் நேராக இருந்தால் கை நேராகப் போகும். நம்முடைய பாடகர் குழுவுக்கு ஒன்று அனுப்ப முடியுமா என்று சுவாமியார் கேட்கிறார்.


ஹொல்ஸ்டெப்ரோவுக்கு அருகில்,
28.05.1988

அன்புள்ள றோசலினுக்கும் மாமாவுக்கும்,

இங்கே இப்போது பொழுதே படுகிறதில்லை. அதைத் தவிரச் சுகத்துக்குக் குறைவில்லை.

மாமா சொன்னது முற்றிலும் சரி. சத்தம் கூடியிருக்கிறது. பக்கத்துப் பண்ணை நாய் இப்போது எங்கள் வேலிக்கு வருவதில்லை.

இரண்டாவது முறையும் அரிந்து தீட்டினேன். இங்கர் மே நடுவில் காட்டோரம் போய்க் காத்திருந்து தோளில் வைத்து ஒரேயொரு உருப்படி வாசித்தார். கேட்க வந்தவர் தலையை உயர்த்திப் பார்த்துவிட்டு, ஒரு காயமும் இல்லாமல் நடந்து போய்விட்டாராம். இந்த முறை வலது பக்கம்.

பிழை என்னுடையதுதான். அராவிய அன்று காலைதான் கந்தோரிலிருந்து கடிதம் வந்தது. அதே பரிசீலனை. நான் இரும்பை அராவவில்லை, அந்தக் கடிதத்தை அராவினேன். இனி ஒரு விரற்கடைக்குமேல் குறைக்க முடியாது. அதற்குக் கீழே போனால் சட்டம் ஒத்துக்கொள்ளாது, குழலைப் பறித்துவிடுவார்கள். என் பெயரும் அதில் இழுபடும். பிறகு உம்முடைய விண்ணப்பம் என்ன ஆகும் என்று யோசித்தால் வாளைத் தொடவே கை வருவதில்லை.

சுவாமியாருக்குக் கடையில் ஒரு நல்ல மரக்குழல் வாங்கி அனுப்புகிறேன்.

தம்பிமுத்து


மட்டக்களப்பு,
03.07.1988

அத்தான்,

உயிரோடிருக்கிறோம். இந்த முறை சுகம் விசாரிப்பதை இதோடு நிறுத்துகிறேன்.

உங்கள் கடிதம் வீட்டுக்கு வரவில்லை. ஆமி முகாமுக்கு வந்து வாங்கும்படி ஆள் வந்தது. அப்பா வெள்ளை நாஷனல் சட்டை போட்டுக்கொண்டு கல்யாண வீட்டுக்குப் போவதுபோல வெளிக்கிட்டார். நான் கூடப் போனேன். வழி நெடுகச் செபமாலை சொன்னேன்.

மேசைக்குப் பின்னால் ஒரு அதிகாரி. தமிழ்நாட்டுக்காரர். உங்கள் கடிதத்தில் சிவப்புப் பென்சிலால் கோடு. அப்பாவைப் பார்த்துக் கேட்டார்: "பெரியவரே, புல்லாங்குழலைத் தோள்ல வெச்சு எப்படி வாசிப்பாங்க?"

அப்பா ஒரு கணமும் யோசிக்கவில்லை. "ஐயா, அது அந்த நாட்டு முறை. வயலினையும் தோளிலதானே வைக்கிறாங்க," என்றார்.

அதிகாரி பென்சிலை அடுத்த கோட்டுக்கு நகர்த்தினார். காயம் என்று ஏன் எழுதியிருக்கிறது என்று கேட்டார். கெட்ட வாசிப்பால் காதுக்கு வரும் காயம் என்று அப்பா விளக்கினார். அதோடு விட்டாரா? மூங்கில் குழல், உலோகக் குழல், எந்தத் துளைக்கு எந்தச் சுரம் என்று தொடங்கி, கடைசியில் மேசையில் தாளம் போட்டு ஒரு திருப்பலிப் பாட்டையும் பாடிக் காட்டினார். வாசலில் நின்ற சிப்பாய் எட்டிப் பார்த்தான். அப்பாவுக்கு உண்மை தெரிந்திருந்தால் அன்றைக்கு எங்கள் கதை முடிந்திருக்கும். தெரியாதபடியால் அப்பாவின் முகத்தில் சந்தேகப்பட ஓரிடமும் இருக்கவில்லை.

அதிகாரி கடிதத்தை மடித்தார். கடைசியாகச் சொன்னார்: "இங்கர்ங்கிறது பொம்பளப் பேராச்சே. எங்க ஊர் டேனிஷ் மிஷன் ஆஸ்பத்திரில இங்கர்னு ஒரு நர்ஸம்மா இருந்தாங்க. எனக்கு ஊசி போட்டதே அவங்கதான்."

அப்பா ஆச்சரியப்பட்டார். நான் ஆச்சரியப்படவில்லை. கம்பளி பின்னும்போதே எனக்குள் ஒன்று குறுகுறுத்தது.

இனிமேல் கடிதத்தில் சங்கீதம் வேண்டாம். அந்த அதிகாரி அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. நான் கேட்கிறேன். யார் அந்த அவர்?

றோசலின்


ஹொல்ஸ்டெப்ரோவுக்கு அருகில்,
29.07.1988

அன்புள்ள றோசலின்,

நீங்கள் இருவரும் பத்திரமாக வீடு திரும்பியதற்கு இங்குள்ள லூத்தரன் கோயிலில் போய் முழந்தாளிட்டேன். நம்முடைய கோயில் தூரம். கடவுள் ஒருவர்தானே.

இங்கர் அம்மாவுக்கு வயது எழுபத்தொன்று. புருசன் காலமாகிவிட்டார். நான் பொய் எழுதவில்லை. அவர் என்ற சொல் பெண்ணுக்கும் வரும். ஐயா என்று எழுதியது நீர். நான் திருத்தவில்லை, அவ்வளவுதான். ஒரு விதவையின் வீட்டில் அறை எடுத்திருக்கிறேன் என்று முதல் வரியில் எழுதினால் நீர் இரண்டாம் வரியைப் படிப்பீரா என்று யோசித்தேன்.

இதோடு படம் ஒன்று வைத்திருக்கிறேன். றப்பர் சப்பாத்தோடு நிற்பவர்தான் அவர். கையில் இருப்பது கோழி.

உடனே பதில் எழுதும்.

தம்பிமுத்து


ஹொல்ஸ்டெப்ரோவுக்கு அருகில்,
10.09.1988

அன்புள்ள றோசலின்,

நான் சுகம். பதில் இல்லை. தபால் பிந்தியிருக்கும்.

கோபம் என்றால் கோபம் என்று ஒரு வரி எழுதும். திட்டி எழுதினாலும் சந்தோசமாக வாசிப்பேன். வைலே பட்டணத்தில் இருக்கும் கோணேஸ்வரன் வீட்டுக்கும் போன மாதம் ஊரிலிருந்து கடிதம் வரவில்லை என்றார்கள். அதைக் கேட்டபோது முதலில் ஆறுதலாக இருந்தது. வீடு வந்து சேர்வதற்குள் அந்த ஆறுதல் போய்விட்டது.

மாமா எப்படி?

தம்பிமுத்து


ஹொல்ஸ்டெப்ரோவுக்கு அருகில்,
20.10.1988

அன்புள்ள றோசலின்,

நான் இங்கர். முழங்காலைத் தவிர எல்லாம் நலம், உன் நலத்தை அறியவே இதை எழுதுகிறேன். நான் டெனிஷில் சொல்லச் சொல்ல உன் கணவர் தமிழில் எழுதுகிறார். கொம்யூன் என்கிற நகரசபைக் கந்தோரில் மொழிபெயர்க்கும் ராசமலர் இதை அனுப்ப முன்னர் வாசித்துச் சரி பார்ப்பாள். ஆகவே அவர் ஒன்றையும் மறைக்க முடியாது.

உன் கடிதம் நின்றதிலிருந்து தபால்காரன் வருமுன்பே இவர் வாசலில் நிற்கிறார். (எழுதுபவர் குறிப்பு: நான் பனி தள்ளப் போவேன்.) ஒக்டோபரில் பனி இல்லை. அதையும் எழுதச் சொல்கிறேன்.

இரவில் சாப்பாட்டைக் கோழிகளுக்குப் போடுகிறார். (உறைப்பு இல்லாததால்.) அழுகிறார். (வெங்காயம்.) எந்த வெங்காயம் என்று கேட்கிறேன், இவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறார். எழுது, தம்பி.

தம்பி என்றால் இளைய சகோதரன் என்று ராசமலர் போன கிழமைதான் சொன்னாள். இத்தனை மாதமும் நான் அறியாமல் சரியாகத்தான் கூப்பிட்டிருக்கிறேன். ஆகவே நீ எனக்கு மச்சாள். என்னோடு கோபிக்க உனக்கு ஒரு காரணமும் இல்லை.

மேசையில் கிடக்கும் அந்த வேலையை இவர் தொடுகிறாரில்லை. கை நடுங்குகிறதாம். எனக்குக் காத்திருக்க முடியும். இவருக்கு முடியாது. நீ இருக்கிறாய் என்று ஒரு வரி எழுது. அதற்குமேல் ஒன்றும் கேட்கமாட்டேன்.

இங்கர்

வாசித்தேன், எல்லாம் சொன்னபடியே எழுதப்பட்டிருக்கிறது. – ராசமலர்


மட்டக்களப்பு,
18.11.1988

அன்புள்ள இங்கர் மச்சாளுக்கும் அத்தானுக்கும்,

இருக்கிறேன்.

கொஞ்சக் காலம் தபால் ஓடவில்லை. அப்பாவுக்குக் காலில் சுகமில்லாமல் இருந்தது, இப்போது தடி பிடித்து நடக்கிறார். உங்கள் மூன்று கடிதங்களையும் தபால்காரர் நேற்றுத்தான் ஒன்றாகக் கொண்டுவந்து தந்தார். இனிமேல் கோயில் பாடசாலை விலாசத்துக்கு எழுதுங்கள். என் தையல் மெஷினைக் கொண்டுவர முடியவில்லை, கையால் தைக்கிறேன்.

மச்சாள், உங்களோடு எனக்குக் கோபமில்லை. கோழி நல்ல கொழுத்த கோழி. அத்தானைச் சாப்பிடச் சொல்லுங்கள். வெங்காயத்தை அவர் பக்கத்தில் வைக்காதீர்கள்.

அத்தான், அந்த அதிகாரி மாற்றலாகிப் போய்விட்டார். அப்பா படுத்திருந்த நாளெல்லாம் குழல் என்ன ஆயிற்று என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார். ஆகவே கொஞ்சம் சங்கீதம் எழுதலாம். தோள் என்ற சொல்லை மட்டும் விட்டுவிடுங்கள்.

கை நடுங்கினால் விட்டுவிட்டு, நடுங்காத நாளில் தொடங்குங்கள்.

உங்கள்
றோசலின்


ஹொல்ஸ்டெப்ரோவுக்கு அருகில்,
24.05.1989

அன்புள்ள றோசலின்,

நான் சுகம், இங்கர் சுகம், கோழிகளும் சுகம். உங்கள் சுகத்துக்காக ஒவ்வொரு நாளும் மன்றாட்டு.

நீர் சொன்னபடி நடுங்காத நாளுக்காகக் காத்திருந்தேன். அது ஏப்பிரலில்தான் வந்தது. மூலைமட்டத்தை வைத்து வைத்துப் பார்த்து, மூச்சைப் பிடித்து, ஒவ்வொரு இழுப்பாக அராவினேன். இங்கர் பின்னுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். மணல் கிடங்கில் அடுத்தடுத்து வாசித்த எல்லாப் பாட்டும் ஒரே இடத்தில் போய் நின்றது. ஒரு சதக் காசால் மூடலாம். அவர் என் கன்னத்தைத் தட்டினார். நான் போய்க் கோழிக் கூட்டுக்குப் பின்னால் நின்றுவிட்டு வந்தேன்.

கச்சேரி பெரும் வெற்றி என்று மாமாவிடம் சொல்லும். முதல் உருப்படியிலேயே கேட்க வந்தவர் நின்ற இடத்தில் அப்படியே விழுந்துவிட்டார். பிறகு ஊரார் எல்லோருமாக விருந்துண்டோம். நான் கொஞ்சம் மிளகாய்த்தூள் போட்டுப் பிரட்டிய பங்கு முதலில் முடிந்தது.

அந்த விருந்தில் எல்லோரும் உம்மைப் பற்றியே கதைத்தார்கள். இங்கே பேப்பரில் வந்துவிட்டது. தமிழரின் விண்ணப்பங்கள் பிந்தவில்லையாம், மேலிடத்து உத்தரவில் வேண்டுமென்றே நிறுத்தி வைக்கப்பட்டிருந்தனவாம். நான் என் எழுத்தில் பிழை, என் டெனிஷில் பிழை, ஏன், அராவின விரலில் பிழை என்றுகூட நினைத்துக்கொண்டிருந்தேன். இங்கர் பேப்பரை மடித்து அடுப்புக்குள் வைத்தார்.

இப்போது கந்தோரில் கோப்புக் கட்டுகள் அசைகின்றன. நேற்று உம்முடையதும் வந்துவிட்டது. அனுமதி. கொழும்புக்கு வெளிக்கிடும்.

விலாசம் ஏன் மாறியது என்று நீர் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.

தம்பிமுத்து


கொழும்பு,
07.09.1989

அன்பின் அத்தான்,

சுகமாக இருக்கிறேன். நீங்கள் சுகமா என்று கேட்கப் போவதில்லை. இன்னும் ஒரு கிழமையில் கண்ணால் பார்த்துவிடுவேன். கடிதம் வந்து சேர மூன்று கிழமை ஆகும். ஆகவே இதைத் தபால்காரர் உங்கள் கையில் தரும்போது நான் அந்த வீட்டில்தான் இருப்பேன். இங்கர் மச்சாளுக்கும் எனக்கும் இடையில் யார் சமைப்பது என்ற வழக்கும் அதற்குள் தீர்ந்திருக்கும்.

நேரில் சொல்ல எனக்கு வாய் வராது. அதனால் எழுதுகிறேன். போன வருடம் ஜூலையில் எங்கள் தெருவில் கண்ணிவெடி வெடித்தது. அன்று பின்னேரம் வீடுகளுக்கு நெருப்பு வைத்தார்கள். யார் என்று இதிலும் எழுதமாட்டேன், இதையும் உடைப்பார்கள். எங்கள் வீடு எரிந்தது. மெஷினும் எரிந்தது. அப்பா தன் பாட்டுக் கொப்பிகளை எடுக்க உள்ளே ஓடினார், கூரை வளை விழுந்து கால் முறிந்தது. நான்தான் இழுத்து வந்தேன். கோயில் பாடசாலையில் மாக்கிரட் மாமியோடும் இன்னும் ஏழெட்டுக் குடும்பத்தோடும் ஒரு வகுப்பறையில் இருந்தோம்.

தபால் ஓடாதது கொஞ்ச நாள்தான். மற்ற நாளெல்லாம் நான் எழுதவில்லை. உங்கள் கடிதங்களும் தபால்காரரிடம் இருந்தன, நான்தான் போய்க் கேட்கவில்லை. எழுதியிருந்தால் நீங்கள் அடுத்த விமானத்தில் திரும்பி வந்திருப்பீர்கள். வந்திருந்தால் இரண்டு பேரும் அந்த வகுப்பறையில் இருந்திருப்போம். கோபம் என்று நீங்கள் நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாகப் போயிற்று.

அப்பா மட்டக்களப்பிலேயே, ஒன்றுவிட்ட எமிலியா அக்காவோடு நிற்கிறார். பாடசாலைப் பிள்ளைகளுக்கு, நீங்கள் கடையில் வாங்கி அனுப்பிய மரக்குழலில் பாட்டுச் சொல்லிக் கொடுக்கிறார். என்னை அனுப்பும்போது அழவில்லை. பஸ் போன பிறகு அழுதாராம்.

இதை வாசித்து முடித்ததும் என்னிடம் ஒன்றும் கேட்காதீர்கள். நான் அடுப்படியில்தான் நிற்பேன். வந்து பக்கத்தில் நில்லுங்கள்.

றோசலின்